குழாய்த் தண்ணீரில் வரும் அந்த மருந்து வாடை

"தினமும் அனுபவித்தும் நாம் மதிக்காத ஒன்று எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறும் பிளீச்சிங் பவுடர் வாடைதான். நீங்களும் முகம் சுளித்துக்கொண்டுதான் குடத்தை வைப்பீர்கள். ஆனால் கிருமியைக் கொல்லும் குளோரின் தண்ணீரில் இருக்கிறது என்பதற்கு அந்த வாடைதான் அடையாளம்.

ஊரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருந்தால், 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் 120 கிராம் பவுடர் வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, பிறகு வாளியை நிரப்பி, கால் மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். தெளிந்த நீரை மட்டும், தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஊற்ற வேண்டும். அப்போதுதான் சீராகக் கலக்கும். பவுடரை அப்படியே கொட்டினால் தொட்டிக்கு அடியில் சுண்ணாம்புச் சேறுதான் மிஞ்சும். ஊற்றி அரை மணி நேரமாவது ஆன பிறகே வால்வைத் திறக்க வேண்டும். கிருமி சாக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இவ்வளவு செய்தும் தவறுவது பெரும்பாலும் மூட்டையில்தான். புதுப் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். வாய் கட்டாமல் ஈரத்தில் போட்டால் வீரியம் போய்க் கட்டி தட்டிவிடும். அதற்குப் பிறகு 120 கிராம் போட்டும் பயனில்லை. கழுவாத தொட்டியின் வண்டலும் குளோரினைத் தின்றுவிடும். அதனால் தொட்டியில் பார்த்தால் போதாது, கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப்பால் (தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை நிறத்தை வைத்து அளக்கும் சிறு கருவி) பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

"குளோரின் உடம்புக்குக் கெடுதல்" என்று பின்னூட்டம் வரும், தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். வாடை பிடிக்காவிட்டால் குடத்தில் பிடித்துச் சில மணி நேரம் வையுங்கள், தணிந்துவிடும். வாடை வருகிறது என்று தொட்டி ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். திட்டுக்குப் பயந்து அவர் அளவைக் குறைத்தால், வயிற்றுப்போக்கு முதலில் குழந்தைகளுக்குத்தான் வரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களே, அது பெரிய அநியாயம். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் வராதது ஒரு பங்குதான். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் விழுந்து, விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வந்துவிடும். மிச்சமிருக்கும் 0.2 மில்லிகிராம் குளோரின் அதற்கு ஈடுகொடுக்காது.