ஹெச்.எம். வாங்கிய கடன்: ரிட்டயர் ஆகும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். எங்கள் தலைமை ஆசிரியர் மகனின் காலேஜ் ஃபீஸுக்கு என்று 1,80,000 ரூபாய் கைமாற்றாகக் கேட்டார். நகையை வங்கியில் அடகு வைத்து 1,50,000 ரூபாயை அவர் கணக்கில் போட்டேன், மீதி 30,000 ரூபாயைக் கையில் கொடுத்தேன். எழுத்தும் இல்லை, வட்டியும் பேசவில்லை. 2 வருடம் 4 மாதம் ஆகிவிட்டது. கேட்டால், "நான் என்ன ஊரைவிட்டா ஓடப்போறேன்?" என்று சிரிக்கிறார். என் லீவு, இன்கிரிமென்ட் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் நகரும். இன்னும் 11 மாதத்தில் ரிட்டயர் ஆகிறார், அப்புறம் தைரியமாகக் கேட்கலாமா? ஆட்களோடு அவர் வீட்டுக்குப் போகலாம் என்கிறார் கணவர்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காத்திருக்காதீர்கள், சகோதரி. அவர் நாற்காலியைவிட்டு இறங்கினால் உங்களுக்கு வசதி என்று நினைக்கிறீர்கள், கணக்கு நேர் எதிராக இருக்கிறது. எழுத்தில்லாத கைமாற்றுக்கு, பணம் கொடுத்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், இது காலவரையறைச் சட்டம். 11 மாதம் பொறுத்தால் அந்தக் கெடு தாண்டிவிடும். அது மட்டுமில்லை. சர்வீஸில் இருக்கிறவரின் சம்பளத்தைக் கோர்ட் தீர்ப்பை வைத்து ஜப்தி செய்யலாம், முதல் 1,000 ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டு. பென்ஷன், பணிக்கொடை, பி.எஃப். எதிலும் கை வைக்க முடியாது. வழக்கு 11 மாதத்தில் முடிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ரிட்டயர்மென்ட் வருடத்தில் தன் பேரில் ஒரு காகிதம் வருவதை எந்த ஹெச்.எம்.மும் விரும்ப மாட்டார். அந்தக் கூச்சம் அவருக்கு இருக்கும்போதே கேளுங்கள்.

முதலில் வாட்ஸப். ஸ்டாஃப் ரூமில், நாலு பேர் முன்னால் வேண்டாம், அவர் முறைத்துக்கொண்டால் வேலை கெட்டுவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இப்படி அனுப்புங்கள்: "சார், வணக்கம். தம்பி காலேஜ் ஃபீஸுக்கு நான் தந்த 1,80,000 ரூபாயில் (பேங்க்கில் 1,50,000, கையில் 30,000) இந்த மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகவாவது கொடுத்தால் நகையை மீட்டுவிடுவேன்." தொகையைப் பிரித்து எழுதுவதுதான் இதில் முக்கியம். "சரிம்மா, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று பதில் வந்தால், கையில் கொடுத்த 30,000 ரூபாய்க்கும் ஒரு சாட்சி ஆயிற்று. மெசேஜை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள்.

அடுத்தது கையெழுத்து. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் "இன்ன தேதியில் இவ்வளவு வாங்கினேன், இன்னும் தர வேண்டும்" என்று தேதியோடு கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாள் போதும். 3 வருடம் முடிவதற்குள் அது கிடைத்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். "ஹவுஸிங் லோனுக்குக் கணக்குக் காட்டணும் சார்" மாதிரி பொய்யெல்லாம் வேண்டாம், "வீட்டில் கேட்கிறார்கள் சார்" என்றாலே போதும், அது உண்மையும்கூட. செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணமில்லாமல் அது திரும்பினால், அதைச் சொல்லும் வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்து 15 நாளில் அவர் கட்டவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஒரு நாள் தவறினாலும் சிக்கல், அதனால் மெமோ வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள்.

ஒன்றும் நகரவில்லையென்றால், இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்க விடாமல் வக்கீல் நோட்டீஸ். அவர் அதிகாரி என்பதால் மேலிடத்து அனுமதி வேண்டும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். இது அவர் சொந்தக் கடன், அலுவல் சம்பந்தப்பட்டது இல்லை, எந்த அனுமதியும் தேவையில்லை. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வழக்குப் போடும் முன்பே அவரை அழைத்துப் பேசி முடித்துவைக்கவும் அங்கே வழி இருக்கிறது. உங்கள் விஷயத்துக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான்.

கல்வி அதிகாரிக்குப் புகார்? தன் அதிகாரத்துக்குக் கீழ் இருப்பவரிடம் கடன் வாங்குவது நடத்தை விதிகளுக்கு விரோதம்தான். ஆனால் துறை அவரைத் தண்டிக்குமே தவிர, உங்கள் பணத்தை வாங்கித் தராது. நீங்களும் அரசு ஊழியர், கொடுக்கல் வாங்கல் விதி உங்களையும் தொடும். அதனால் இதைக் கடைசிக்கு வையுங்கள், "புகார் கொடுப்பேன்" என்று வாயாலும் சொல்லாதீர்கள். வட்டிப் பேச்சையும் எடுக்காதீர்கள், நகைக்கு நீங்கள் கட்டும் வட்டியைக்கூட. எடுத்தால் கந்துவட்டி என்று திருப்பிப் போட அது போதும்.

கணவரிடம் சொல்லுங்கள், ஆட்களோடு போனால் அன்றைக்கே ஹெச்.எம். ஸ்டேஷனில் மிரட்டல் புகார் கொடுப்பார், நீங்கள் பதில் சொல்கிறவர் ஆகிவிடுவீர்கள். லீவை வைத்து அவர் பழிவாங்கப் பார்த்தால்? விண்ணப்பங்களுக்குத் தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள், பணிப் பதிவேட்டை ஒருமுறை பார்த்து எந்தப் பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நகை அடகுச் சீட்டு. "இவ்வளவு பணம் உங்களிடம் ஏது?" என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். பணம் கொடுத்த அதே வாரத் தேதி அந்தச் சீட்டில் இருக்குமே, பாஸ்புக் பக்கத்தோடு சேர்த்து இன்றைக்கே நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.