கறுப்பு ஹான்டிலில் எழுத்து மட்டும் போகவேண்டும், கறுப்பு போகக்கூடாது

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்:

"மாமா வெளிநாட்டுக்குப் போகும்போது தந்துவிட்டுப் போன மௌண்டன் சைக்கிள் என்னிடம் இருக்கிறது. ஹான்டில், சீற் போஸ்ட், இரண்டு றிம் எல்லாம் கறுப்பு அனோடைஸ் அலுமினியம். அதில் அடித்திருந்த கொம்பனிப் பெயர் வெள்ளை எழுத்தில், பாதி உரிந்து பாதி ஒட்டிக்கொண்டு, தேமல் பிடித்த மாதிரி நிற்கிறது. மண்ணெண்ணெயில் தேய்த்தேன், போகவில்லை. சந்திக் கடைக்காரர் கோஸ்டிக் சோடாத் தண்ணியில் ஒரு மணித்தியாலம் ஊறப்போடச் சொல்கிறார். இன்னொருவர் கொழும்புக்கு அனுப்பிப் புது அனோடைஸ் போட்டுத் தருகிறேன், 18,000 ரூபா என்கிறார். எதைச் செய்ய?"

தம்பி, இரண்டையும் செய்யவேண்டாம். கோஸ்டிக் சோடா வாங்கி வைத்திருந்தால் முதலில் அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உங்கள் வேலைக்கு ஒரு போத்தல் அசிற்றோனும் (நகப்பூச்சுக் கழற்றப் பாவிக்கிற திரவம்) கொஞ்சப் பஞ்சும் ஒரு பின்னேரமும் போதும்.

கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கைகள் எல்லாம் இரும்புச் சைக்கிளில் பழகிய கைகள். றலி, ஹம்பர் காலத்திலிருந்து துரு என்றால் மண்ணெண்ணெய், அழுக்கு என்றால் சாம்பல், பெயின்ற் என்றால் சாண்ட் பேப்பர். யுத்த காலத்தில் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. கிடைத்ததை வைத்துத் திருத்தத் தெரியும். ஆனால் அந்த வைத்தியம் அனோடைஸ் அலுமினியத்துக்குச் சரிவராது. இரும்பில் நிறம் மேலே பூசியது. இதில் நிறம் உலோகத்தின் தோலுக்குள் ஊறியது.

எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அலுமினியத்தைச் சல்பூரிக்கமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சும்போது அதன் மேற்பரப்பே அலுமினியம் ஒட்சைட்டாக மாறி ஒரு படையாக வளர்கிறது, இதுதான் அனோடைஸ். வெளியே கொஞ்சம், உள்ளே கூடுதலாக. அழகுக்குப் போடுகிற படை பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரோன் வரைதான் இருக்கும். எங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 70 மைக்ரோன். அந்தப் படையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சாயம் அந்தத் துளைக்குள் இறங்கும், பிறகு கொதிநீரில் போட்டுத் துளையின் வாயை அடைத்துவிடுவார்கள். கொம்பனி எழுத்தைப் பெரும்பாலும் இதெல்லாம் முடிந்த பிறகு மேலே மையால் அச்சடிப்பார்கள். ஆகவே உங்களுக்குப் பகை அந்த மை மட்டும்தான். மையைக் கரைக்கிற சாமான் வேறு, படையைத் தின்கிற சாமான் வேறு. இந்த வித்தியாசம் விளங்கினால் போதும்.

கோஸ்டிக் சோடா படையைத் தின்கிற சாமான். நான் சில வருடங்கள் அலுமினியப் பட்டறை ஒன்றில் நின்றவன். நிறம் பிழைத்துப்போன துண்டுகளின் அனோடைஸைக் கழற்றவேண்டும் என்றால் நாங்கள் இறக்கியதே கோஸ்டிக் தொட்டியில்தான். இறக்கிய கொஞ்ச நேரத்தில் நுரைக்கத் தொடங்கும், கறுப்புச் சாயம் தேயிலைச் சாயம் மாதிரி இழை இழையாக இறங்கும், எடுக்கும்போது உலோகம் சாம்பல் பூத்து நிற்கும். உங்கள் கடைக்காரர் சொன்னபடி எழுத்துப் போகும், உண்மை. எழுத்து நின்ற தரையும் சேர்ந்து போகும். அதற்குப் பிறகும் விட்டால் அலுமினியத்தையே தின்னும். ஹான்டில் குழாயின் சுவர் இரண்டு மில்லிமீற்றர் அளவுதான். உங்கள் பாரம் முழுவதும் அதில் சாய்கிறது. கலவையும் சூடேறும், ஐதரசன் வாயு வெளியேறும், கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வைக்கே கேடு.

இன்னும் விளங்கவேண்டும் என்றால் உங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய வீடுகளின் அலுமினிய யன்னலைப் போய்ப் பாருங்கள். மேசன் பூசும்போது சீமெந்து தெறித்து உடனே துடைக்காமல் விட்ட இடங்களில் வெள்ளைத் திட்டு இருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் போகாது. அது அழுக்கு இல்லை, சீமெந்துக் காரம் தின்ற இடம். அடுப்புச் சாம்பலும் காரம், உடுப்புச் சோடாவும் காரம், குழாய் அடைப்பு எடுக்கிற தூளும் காரம். மறுபக்கம் கக்கூஸ் கழுவுகிற அசிற்றும் துரு கழற்றுகிற திராவகமும் அமிலம், அவையும் தின்னும். வீட்டில் எது 'நல்லாய் வெட்டும்' என்று பெயர் எடுத்திருக்கிறதோ அதை அனோடைஸுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இந்தச் சாமான்கள் தண்ணிப் போத்தலில் ஊற்றி, பெயர் எழுதாமல், 'கிளீனர்' என்று விற்கப்படுகின்றன. உள்ளே அமிலமா காரமா தின்னரா என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. ஒழுங்கான லேபிளோடு வருவதிலும் எச்சரிக்கையைத் தமிழில் தேடவேண்டியிருக்கிறது. என் மேசையில் இப்போது இருக்கிற பெயின்ற் றிமூவர் தகரத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. முல்லைத்தீவில் ஒரு பிள்ளை அதை எப்படி வாசிக்கும்? கண் போன பிறகு ஆஸ்பத்திரியில் விளங்கப்படுத்தி என்ன பயன்? லேபிள் இல்லாத போத்தலை வாங்காதீர்கள், மலிவு என்றாலும் வாங்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் அது அனோடைஸ்தானா என்று பாருங்கள். சீற் போஸ்டைக் கழற்றி, பிறேமுக்குள் மறைந்திருக்கிற பகுதியில் அசிற்றோன் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் அது பெயின்ற், அங்கேயே நிறுத்துங்கள். கறுப்பு வரவில்லை என்றால் பெரும்பாலும் அனோடைஸ், தொடரலாம். அசிற்றோன் அந்தப் படையை ஒன்றும் செய்யாது. காபன் ஃபைபர் சாமானில் மட்டும் இதைச் செய்யவேண்டாம்.

அசிற்றோன் ஹாட்வெயாரில் கிடைக்காவிட்டால் ஃபான்சிக் கடையில் கியூட்டெக்ஸ் றிமூவர் வாங்குங்கள், ஆனால் அசிற்றோன் இல்லாத றிமூவரும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். மண்ணெண்ணெய் ஏன் வேலை செய்யவில்லை என்றால், அது பசையையும் கிறீஸையும் இளக்குமே தவிர இந்த மையைக் கரைக்காது. எழுத்து மையாக இல்லாமல் ஸ்டிக்கராக இருந்தால் மட்டும் மண்ணெண்ணெய்க்கு வேலை உண்டு. மயிர் உலர்த்துகிற மெஷினால் சூடாக்கி ஸ்டிக்கரை உரித்துவிட்டு, மிச்சப் பசைக்கு அதைப் பாவியுங்கள்.

இப்போது பலர் விடுகிற பிழை: பஞ்சை நனைத்து உடனே தேய்க்கத் தொடங்குவது. அசிற்றோன் 56 பாகை செல்சியஸிலேயே கொதிக்கிற திரவம், வன்னி வெயிலில் பஞ்சில் இருந்து பறந்துவிடும். வெறும் பஞ்சால்தான் நீங்கள் தேய்த்துக்கொண்டு நிற்பீர்கள். அதனால் நிழலில் வையுங்கள். பஞ்சை நன்றாக நனைத்து எழுத்தின் மேல் படியவைத்து, சொப்பிங் பையில் ஒரு துண்டு வெட்டி மேலே சுற்றி, ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் எழுத்தின் விளிம்பு சுருங்கி, பாலாடை மாதிரி எழும்பியிருக்கும். அதைப் பழைய தொலைபேசி றீலோட் அட்டையின் விளிம்பால் ஒரே திசையில் தள்ளுங்கள். மிச்சம் நின்றால் திரும்பவும் நனைத்து மூடுங்கள். நான்கு தரம், ஐந்து தரம் ஆகலாம். பொறுமை போய்க் கத்தியை எடுத்தால் அந்தக் கீறல் ஆயுளுக்கும் நிற்கும்.

சட்டி தேய்க்கிற தும்பு, கம்பித் தும்பு, சாண்ட் பேப்பர், பித்தளை மினுக்குகிற பொலிஷ், பற்பசை எதுவும் வேண்டாம். உங்கள் கறுப்பு மங்கல் கறுப்பாக இருந்தால் இன்னும் கவனம். தேய்த்த இடம் மினுமினுக்கும், சாயம் போகாவிட்டாலும் அந்த மினுக்கம் போகாது. எழுத்து இருந்த இடத்தில் பளபளப்பான திட்டு ஒன்று வந்து, முன்பைவிட அசிங்கமாக இருக்கும்.

அடுப்படியில் செய்யாதீர்கள். அசிற்றோன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும். முற்றத்தில், காற்றோட்டமாக, பீடி சிகரெட் இல்லாமல். ரயரிலும் பிறேக் கட்டையிலும் படவிடாதீர்கள், அச்சுப் பக்கம் வழிந்தால் போல்ஸின் கிறீஸைக் கழுவிவிடும்.

இவ்வளவு செய்தும் எழுத்து அசையவில்லை என்றால் ஒரு விசயம் பாருங்கள். இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நல்ல சாமான்களை நாசமாக்குவது அநேகமாக இந்த இடம்தான். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை எழுத்தின் குறுக்கே இழுங்கள். மை என்றால் விளிம்பில் நகம் மெல்லத் தடக்கும். ஒன்றுமே தடக்காமல் வழுக்கிக்கொண்டு போனால், அல்லது எழுத்து சற்றுப் பள்ளமாகப் பட்டால், அது மை இல்லை, லேசர். லேசர் எழுத்துக்கு மேலே ஒன்றும் பூசப்படவில்லை. கறுப்புச் சாயத்தை அந்த இடத்தில் எரித்து வெளுக்கப்பண்ணி, அல்லது படையையே எடுத்து எழுதியிருக்கிறார்கள். அது பல நேரம் தூய வெள்ளையாக இல்லாமல் சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரியும். உரியவும் உரியாது. அங்கே அழிப்பதற்கு ஒன்றுமில்லை, இல்லாததை எப்படி அழிப்பது? அசிற்றோன், தின்னர், றிமூவர் எது போட்டாலும் அசையாது. அசையவில்லை என்று தேய்க்கப் போகிறவர்கள்தான் சுற்றியிருக்கிற நல்ல கறுப்பையும் கெடுக்கிறார்கள். துளை அடைக்க முன்பே உள்ளே அச்சடித்த எழுத்துக்கும் இதே நிலைதான். உங்கள் எழுத்து பாதி உரிந்திருக்கிறது என்று சொன்னீர்கள், ஆகவே அது மைதான். ஆனால் ஹான்டிலின் நடுவில் அளவுக் கோடுகளும் சிறிய இலக்கங்களும் இருந்தால் அவை லேசராக இருக்கலாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நகத்தால் பாருங்கள்.

எழுத்துப் போன பிறகு அதே வடிவில் ஒரு நிழல் தெரியலாம். பயப்படாதீர்கள், நீங்கள் கெடுத்தது இல்லை. வருடக்கணக்காக வெயிலில் நின்றதில் சுற்றியிருந்த சாயம் கொஞ்சம் வெளுத்திருக்கும், எழுத்துக்கு அடியில் இருந்தது பழைய கறுப்பாகவே இருக்கும். சிவப்பு, ஊதா நிறங்களில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். அதைச் சரிசெய்ய மருந்தில்லை. வெயிலில் ஓட ஓட வித்தியாசம் குறையும்.

இனி அந்த 18,000 ரூபா. கவனமாக வாசியுங்கள். திரும்ப அனோடைஸ் போடுவது என்றால் முதலில் பழையதைக் கோஸ்டிக்கில் கழற்றவேண்டும். கழற்றும்போது உலோகமும் குறையும். சீற் போஸ்டுகள் 0.2 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் அளவு அளவாக வருபவை, மெலிந்தால் பிறேமுக்குள் நில்லாமல் இறங்கக்கூடும். றிம்மில் கம்பித் துளைக்கு இரும்புக் கண் வைத்திருந்தால் அமிலத் தொட்டி அதைத் தின்னும். இதையெல்லாம் அந்த இடைத்தரகர் உங்களுக்குச் சொன்னாரா? சொல்லியிருக்கமாட்டார், அவர் தொட்டியைக் கண்ணால் கண்டிருப்பார் என்றும் நான் நம்பவில்லை. 'அனோடைஸ்' போட்டுத் தந்தது என்று ஒரு பெரியவர் மகனுடைய ஹான்டிலை என்னிடம் கொண்டுவந்தார். தின்னர் தோய்த்த பஞ்சால் ஒரு இழுவை இழுத்தேன், பஞ்சு முழுக்கக் கறுப்பு. ஸ்பிறே பெயின்ற். இரண்டு மாதம் காத்திருந்து, வவுனியாவுக்கு இரண்டு தரம் பஸ்ஸில் போய்க் காசு கட்டியிருக்கிறார். ரசீது இல்லை. முறையிடப் போன இடத்தில் ரசீது கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ரசீது தராதவனைப் பற்றித்தானே அந்த மனிசன் முறையிடப் போனது! நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள், திரும்பி வரும்போது அவர் முன்னாலேயே தின்னர்ப் பஞ்சால் இழுத்துப் பாருங்கள். அந்தக் காசை வைத்துக்கொண்டு எழுத்தில்லாத ஒரு சீற் போஸ்டைத் தேடி வாங்குவது எவ்வளவோ மேல்.

ஒன்று மறந்துபோனேன். பெடல் அச்சுக்குக் கீழே பிறேமில் குத்தியிருக்கிற இலக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். எழுத்தழித்த சைக்கிளை யாராவது மறித்துக் கேட்டால் அது உங்களுடையது என்று காட்ட அந்த இலக்கம் தேவைப்படும். அதைப் படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள்.

எல்லாம் முடிந்ததும் சவர்க்காரத் தண்ணியால் கழுவித் துடையுங்கள். றிம்மில் பிறேக் கட்டை பிடிக்கிற பக்கத்தை இரண்டாம் தரமும் கழுவுங்கள், அதில் எண்ணெய், மெழுகு எதுவும் பூசவேண்டாம். வளவுக்குள் பத்துத் தரம் பிறேக் பிடித்துப் பார்த்த பிறகு மாங்குளம் வீதிக்கு ஏறுங்கள்.