அப்பத்தாவின் வெள்ளி ரூபாய்: விற்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் 22 வெள்ளி ரூபாய் கிடைத்தது. 17 காசு 1862 முதல் 1920 வரை, மீதி 5 காசு 1944, 1945. கூடவே கொஞ்சம் ஓட்டைக் காலணாவும் வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாயும் இருக்கின்றன. அந்த ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? கையிலுள்ள 50,000 ரூபாய்க்கும் பழங்காசு வாங்கிப் போட்டால் லாபம் வருமா?
– காரைக்குடி வாசகி

பதில்: ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். வாங்குகிறவர் பணம் கொடுப்பார், கேட்கமாட்டார். பழைய காசு, நோட்டு விற்பனையில் தங்களுக்குத் தொடர்பில்லை, எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வைஷ்ணவி தேவி காசு புழக்கத்துக்காக அடித்தது, லட்சம் பெறாது. ஓட்டைக் காலணாவும் (1943–47) மலிவாகவே கிடைக்கிறது.

உங்கள் சொத்து அந்த வெள்ளி ரூபாய்கள்தான். யாரிடம் விலை கேட்பதற்கும் முன்னால் அடிமட்ட விலையைக் கணக்குப் போட்டுவிடுங்கள். 1862 முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம்; அதில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940–45 ரூபாயில் வெள்ளி பாதிதான், 5.83 கிராம். ஆக, 17 காசில் 181.7, ஐந்தில் 29.1, மொத்தம் சுமார் 211 கிராம். தேய்மானத்துக்குச் சற்றுக் கழித்து, அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே கேட்டால் பெட்டியை மூடிவிடலாம்.

அதற்கு மேல் கிடைப்பது, காசு எவ்வளவு அரியது, எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு. ஆண்டு பழையது என்பதால் மட்டும் விலை ஏறாது. 1862 என்றே பொறித்து 1874 வரை அடித்தார்கள். பின்பக்கத்துப் புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள். 1911 காசு இருந்தால் லென்ஸ் வைத்து ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியைப் பாருங்கள். அதில் உள்ள யானை உருவத்தின் தும்பிக்கை குட்டையாகி, பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. வெளியிடுவதை நிறுத்தி, 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அந்த 1911 காசைத்தான்.

போலியும் நிறைய. நகைக்கடைத் தராசில் 0.01 கிராம் வரை நிறுத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளியில்லை. விளிம்பில் ஒட்டுக்கோடு தெரிந்தால் அது வார்த்த போலி. ராமர், அனுமன் படத்தோடு ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று வருபவை பிற்காலத் தயாரிப்பு. கம்பெனி அப்படி எதையும் வெளியிடவில்லை.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளியோ விபூதியோ போட்டுப் பளபளவென்று ஆக்கினால், சாய்த்துப் பார்க்கும்போது மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் மின்னும். அதைக் கண்டதும் வாங்குபவர் வெள்ளி விலைக்கு இறங்கிவிடுவார். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தழும்புக்கும் அதே கதிதான். வெள்ளியில் படிந்த கறுமை அப்படியே இருக்கட்டும். மலிவான பிவிசி ஆல்பம் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படவேண்டாம்.

50,000 ரூபாயைக் காசில் போட நான் சம்மதிக்கமாட்டேன். வட்டி கிடையாது, அவசரத்துக்கு விற்கவும் முடியாது. வியாபாரி விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே சில வருட லாபத்தைத் தின்றுவிடும். அதை அவசர நிதியாக வங்கியில் வையுங்கள். வெள்ளிமேல் ஆசை என்றால் அதில் சிறு பகுதிக்கு வெள்ளி ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் வெள்ளி நிதி) போதும்.

பணம் தேவைப்பட்டால் முதலில் 1944, 1945 காசுகளையும் தேய்ந்தவற்றையும் விற்கலாம். மற்றவற்றை இரு பக்கமும் படமெடுத்து, எடையும் குறித்து, குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். ஏல நிறுவனத்துக்குக் கொடுப்பதானால் கமிஷனை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்து யாராவது கேட்டால் அனுப்பிவிடாதீர்கள்: நூறு வயதைக் கடந்த காசு சட்டப்படி தொல்பொருள், தனியார் ஏற்றுமதி செய்வது குற்றம். உங்கள் 17 காசும் அந்தக் கணக்கில் வருகின்றன.