வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைக்குமா?

கேள்வி கேட்டவரின் அப்பா லாரி ஓட்டுகிறார். தம்பி இங்கே சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நன்றாகப் படிக்கிறான், வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிறான், வீட்டில் பணம் இல்லை. என்ன வழி என்று கேட்டிருக்கிறார்.

வழி இருக்கிறது. ஆனால் எந்தக் கட்டத்தில் போவது என்பதுதான் முக்கியம். கையில் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை இளங்கலையை இங்கேயே முடித்துவிட்டு, முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கும் உபகாரச் சம்பளத்தில் வெளியே போவது நல்லது. நான் போனதும் அப்படித்தான்.

காரணம் எளிது. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் என்றால் அரசாங்கக் கட்டண மானியம் உண்டு, வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவிநிதி உண்டு, கல்விக் கட்டணக் கடன் உண்டு, பெற்றோரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்தும் எடுத்துக் கட்டலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினால் இவை எதுவும் கூட வராது. மத்திய சேமநிதியின் கல்வித் திட்டம் உள்ளூர்ப் படிப்புக்கு மட்டும்தான். இங்கே படிக்கும்போதே மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் வெளியே போய் வரலாம். அதற்கும் இங்குள்ள அதே கட்டணம்தான். விமானச் செலவும் தங்கும் செலவும் நம்முடையது.

இளங்கலைக்கே போக வேண்டும் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளம். அதில் பாண்ட் உண்டு, அதாவது படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் அரசாங்க வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்தால் ஆறு ஆண்டு, மற்ற நாடுகளில் ஐந்து, உள்ளூரில் நான்கு. நடுவில் விட்டுவிட்டுப் போனால் செலவழித்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அரசாங்க வேலையில் உண்மையிலேயே ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அரிது. பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் பத்தொன்பது வயதில் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். மனம் மாறினால் அந்தத் தொகையைக் கட்ட லாரி ஓட்டும் அப்பாவால் முடியாது.

அமெரிக்காவில் சில இடங்கள் விதிவிலக்கு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும்போதும் குடும்பத்தின் பண நிலையைப் பார்ப்பதில்லை. சேர்த்த பிறகு, அந்தக் குடும்பத்தால் கட்ட முடியாததை அவர்களே கொடுத்துவிடுவார்கள். கடனும் இல்லை, பாண்டும் இல்லை. இடம் கிடைப்பதுதான் மிகக் கடினம். தம்பி முயன்று பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

சரி, முதுகலைக்கு வருவோம். நான் போனது எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில். ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கிறது, எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். கல்விக் கட்டணம் இல்லை. இப்போது மாதம் 1,400 யூரோ தருகிறார்கள், அதிகபட்சம் 24 மாதங்களுக்கு. திரும்பி வந்து இங்கே வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலானவை அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும், அதனால் இளங்கலையின் கடைசி ஆண்டில் இருக்கும்போதே அனுப்பிவிட வேண்டும். பிரிட்டனின் செவனிங் உபகாரச் சம்பளமும் நல்லதுதான், ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டு இருக்கவும் வேண்டும்.

"முழு உதவி" என்று கடிதம் வந்ததும் பணக் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்து, பதிவு முடித்து, முதல் தொகை வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் விமான டிக்கெட், விசா, அறைக்கு முன்பணம், குளிருக்குச் சட்டை எல்லாம் நம் கைக்காசு. எனக்கு மாமா கொடுத்து உதவினார். பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். உள்ளூரில் படிக்கும் காலத்திலேயே மாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் இது பெரிய விஷயமே இல்லை.

இன்னொன்று. நம் பிள்ளைகள் விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையில் வீட்டு நிலையை மறைத்துவிடுகிறார்கள். மன்றத் தலைவர், விவாதப் போட்டி என்று பட்டியல் போடுவார்கள். வார இறுதியில் தேக்கா வட்டாரத்தில் ஒரு கடையில் வேலைக்கு நின்றதையும், தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததையும் எழுத வெட்கப்படுவார்கள். தயவுசெய்து எழுதச் சொல்லுங்கள். அந்த வேலைகளுக்கு நடுவே வாங்கிய மதிப்பெண் என்று தெரிந்தால்தான் தேர்வு செய்பவர்களுக்கு அதன் எடை புரியும்.

உங்கள் தம்பிக்குத் தொடக்கக் கல்லூரியின் இறுதித் தேர்வான ஏ நிலை முடிந்ததும் தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற படைகளில் கட்டாயச் சேவை, வரும். அந்தக் காலத்திலும் விண்ணப்பிக்கலாம், கையில் தேர்வு முடிவும் இருக்கும். முகாமுக்குப் போவதற்கு முன்பே, அவனை நன்றாக அறிந்த இரண்டு ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் பற்றிப் பேசி வைக்கச் சொல்லுங்கள். பள்ளியை விட்டுவிட்டால் அப்புறம் அவர்களைப் பிடிப்பது சிரமம்.