பாங்காக்கில் மட்டும் ஒரு வாரம் தங்கலாமா, அதுவும் அம்மாவோடு?

கேள்வி இது: "எழுபதை நெருங்கும் அம்மாவை பாங்காக் கூட்டிப் போக ஆசை. ஏஜென்ட்டுகள் எல்லாரும் பட்டாயா, சஃபாரி, மிதக்கும் சந்தை என்று ஐந்து நாளில் அடைத்துத் தருகிறார்கள். பாங்காக்கில் மட்டும் ஒரு வாரம் தங்கி நிதானமாகப் பார்க்க அங்கே விஷயம் இருக்கிறதா?"

இருக்கிறது. ஒரு வாரம் போதவில்லை என்றுதான் நாங்கள் திரும்பினோம்.

2024 டிசம்பரில் என் அம்மாவோடு ஏழு இரவு பாங்காக்கில் தங்கினேன். அம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இடது முழங்கால் படிக்கட்டைப் பார்த்தாலே முனகும். முட்டைகூடச் சாப்பிட மாட்டார். "மார்கழியில வாசல்ல கோலம் போடாம எவளாவது ஊர் சுத்தக் கிளம்புவாளா" என்று சென்னை விமான நிலையம் வரைக்கும் புலம்பிக்கொண்டேதான் வந்தார். ஆகவே நான் சொல்வதெல்லாம் இப்படிப்பட்ட ஒரு பயணிக்கு ஒத்துவந்த விஷயங்கள். இருபத்தைந்து வயது நண்பர் குழுவுக்கு வேறு ஆள் பதில் எழுதட்டும்.

முதலில் தங்குமிடம். நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சுகும்வித்திலோ பிரதுநாமிலோ அறை போடுகிறார்கள். மால்களும் பறக்கும் ரயிலும் பக்கத்தில் இருக்கும், சரி. ஆனால் கோயிலும் ஆறும் பழைய நகரத்தில் இருக்கின்றன. தினமும் ஒரு மணி நேரம் டாக்சியில் உட்கார்ந்து நெரிசலை வேடிக்கை பார்ப்பதற்கு அம்மாவை எதற்கு அவ்வளவு தூரம் கூட்டிப்போக வேண்டும்? நாங்கள் சாவோ சிங் சா என்கிற பெரிய ஊஞ்சலுக்கு அருகே ஒரு சந்தில், லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, சின்ன விடுதி ஒன்றில் தங்கினோம். 2019-இல் திறந்த சாம் யோட் மெட்ரோ நிலையம் நடந்துபோகும் தூரம்தான். அந்தப் பகுதியின் பம்ருங் முவாங் சாலை முழுக்க புத்தர் சிலைக் கடைகள். ஆள் உயர, இரண்டாள் உயர தங்க நிற புத்தர்கள் பிளாஸ்டிக் தாளில் சுற்றியபடி நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நம் பிள்ளையாரும் இருப்பார். முதல் நாள் சாயங்காலம் அந்தச் சாலையில் நடந்ததோடு சரி, வேறெங்கும் போகவில்லை.

நேரத்தை எப்படிப் பங்கு போடுகிறீர்கள் என்பதில்தான் பாதிப் பயணம் இருக்கிறது. டிசம்பரில்கூட மத்தியானம் 32, 33 டிகிரி அடிக்கிறது. விடியற்காலையில் கிளம்பி பத்தரை, பதினொன்றுக்குள் அறைக்குத் திரும்பிவிடுவோம். சாப்பாடு, தூக்கம். நான்கு மணிக்கு மேல் மறுபடி. ஒரு வேளைக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு இடம் வைத்த ஒரே நாளில் அம்மா என்னோடு பேசவே இல்லை.

சாவ் பிரயா ஆற்றுப் படகுதான் அவருக்கு மிகவும் பிடித்தது. சுற்றுலாப் படகு என்று தனியாக ஒன்று ஓடுகிறது, அது வேண்டாம். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறுங்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட் (ஒரு பாட் அப்போது சுமார் இரண்டரை ரூபாய்). ஆற்றங்கரையில் இருக்கும் வாட் அருண் கோயிலுக்குப் போகலாம் என்று ஏறினோம். காற்று முகத்தில் பட்டதும் அம்மா, "இறங்கணுமா? இது எதுவரைக்கும் போவுது?" என்றார். கடைசித் துறையான நொந்தபுரி வரைக்கும் போனோம். ஒற்றைத் தூணில் கம்பிகள் விரியும் எட்டாம் ராமா பாலம், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், துணி காயும் படித்துறைகள், ரொட்டி போட்டால் கொப்பளித்து மேலே வரும் கெளுத்தி மீன்கள். நொந்தபுரியில் மணிக்கூண்டுக்குப் பின்னால் பெரிய சந்தை. அங்கே கொய்யாவும் பம்பளிமாசும் வாங்கிக்கொண்டு அடுத்த படகில் திரும்பினோம். ஆளுக்கு 32 பாட்டில் ஒரு காலைப் பொழுது. வாட் அருணை மறுநாள் பார்த்துக்கொண்டோம்.

சென் செப் கால்வாய்ப் படகுக்கு மட்டும் அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். படகு நின்றும் நிற்காமலும் தாவி ஏற வேண்டும், தாவி இறங்க வேண்டும். சாக்கடைத் தண்ணீர் தெறிக்கும்போது பயணிகளே கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்திக்கொள்ள வேண்டும். டிக்கெட் கொடுப்பவர் படகின் வெளி விளிம்பில் நடந்தபடி காசு வாங்குவார். அம்மா தூங்கும் நேரத்தில் நான் தனியாகப் போய்வந்தேன். பேரானந்தம். ஆனால் முழங்காலுக்கு ஆகாது.

பாக் க்ளோங் தலாத் பூச்சந்தைக்கு விடியுமுன் போங்கள். நம் கோயம்பேடு மாதிரிதான், ஆனால் தரை வழுக்காது. மூட்டை மூட்டையாகத் துலுக்கச் சாமந்தி, தாமரை மொட்டு, ஐஸ் மேல் பரப்பிய மல்லிகை. அவர்கள் கட்டும் மாலைக்குப் பேர் 'புவாங் மாலை'. அம்மா அந்தச் சொல்லைக் கேட்டதும் நின்றுவிட்டார். கார் ஸ்டியரிங்குக்கும் தாய் மொழியில் அதே பேர்தான் என்று டாக்சிக்காரர் பிறகு சொன்னார், வட்டமாக இருப்பதால். இந்த ஒரு தகவலை ஊருக்கு வந்து இதுவரை பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

அரண்மனை. நுழைவுச்சீட்டு 500 பாட், கூட்டம், வெயில். ஆனாலும் போகத்தான் வேண்டும். வெளியே நாசூக்காக உடுத்திய ஒருவர் வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன், டுக்டுக் இருபதே பாட்" என்பார். ஏறினால் ரத்தினக்கல் கடையில் கொண்டு இறக்குவார்கள். ஊரறிந்த பழைய ஏமாற்று வேலை. படித்துவிட்டுப் போயும் நான் ஒரு நிமிடம் தயங்கினேன். அம்மாதான், "கதவு தெறந்துதான்டா இருக்கு, சனம் போவுது பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றி ஒரு நீண்ட திருச்சுற்று. அதன் சுவர் முழுக்க ராமகியென், அதாவது அவர்களுடைய ராமாயணம், 178 ஓவியங்களாக. எல்லாரும் இரண்டு படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். நாங்கள் நிழலாக இருந்த அந்தத் தாழ்வாரத்திலேயே இரண்டு மணி நேரம் இருந்தோம். வெள்ளை அனுமனை அம்மா உடனே கண்டுகொண்டார். பச்சை முகம் ராவணன். அவனுக்கு அங்கே பேர் தோசகன், தசகண்டன் மருவியது. பிரச்சினை கடல் அருகே வந்தது. அணை கட்டும் கற்களை மீன்கள் தூக்கிப் போகின்றன. அவற்றின் தலைவி ராவணன் மகள், இடுப்புக்குக் கீழே மீன், பேர் சுவன்னமச்சா. அவளைத் தடுக்கப் போன அனுமன் அவள்மேல் காதல் கொண்டு, இருவருக்கும் ஒரு பிள்ளையும் பிறக்கிறது என்று செல்போனில் படித்துச் சொன்னேன். "யாருக்கு? அனுமாருக்கா?" அம்மாவுக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. இரவு சாப்பாட்டின்போது, "நல்லாத்தான் கதை கட்டியிருக்கான்" என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார். சிம்மாசன மண்டபங்களைப் பார்க்க நேரமில்லாமல் போனது. பரவாயில்லை.

வாட் போ கோயில் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 46 மீட்டர் நீளப் படுத்த புத்தர், முத்துச்சிப்பி இழைத்த பாதங்கள். என் காதில் நிற்பது சிலைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் 108 வெண்கலக் கிண்ணங்களில் சில்லறை விழும் சத்தம். அங்கேயே பாரம்பரிய மசாஜ் பள்ளி இருக்கிறது. "முன்னபின்ன தெரியாதவங்க காலைத் தொடுறதா" என்று மறுத்த அம்மா, அரை மணி நேரப் பாத மசாஜுக்குப் பிறகு மறுநாளும் போகலாமா என்று கேட்டார். முழங்காலில் அழுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த ஊஞ்சல். சிவப்பு வண்ணம் பூசிய இரண்டு பெரிய தேக்குத் தூண்கள், மேலே ஒரு அலங்கார விட்டம். பலகை கிடையாது. தாய்லாந்து அரசர் முதல் ராமா காலத்தில், 1784-இல், பக்கத்திலுள்ள தேவஸ்தான் என்கிற பிராமணர் கோயிலுக்காக நிறுவியது. சிவபெருமான் ஆண்டுக்கு ஒருமுறை பூமிக்கு வருகிறார் என்று கொண்டாடும் விழாவில், ஆட்கள் ஏறி உச்சிவரை ஆடி, மூங்கிலில் கட்டிய காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம். ஆட்டம் 1935-இல் நின்றுபோனது. இப்போதிருக்கும் தூண்கள் 2007-இல் மாற்றியவை. விழாவின் பெயர் த்ரியம்பவாய், த்ரிபவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான்! ஊஞ்சல் இல்லாவிட்டாலும், தேவஸ்தானுக்குள் தாய்லாந்து பிராமணர்கள் அதை இன்றும் நடத்துகிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து போன பரம்பரை, வெள்ளை உடை, குடுமி. அவர்கள் ஓதும் வரிகள் தமிழிலிருந்து போனவை. பல நூற்றாண்டுகள் தாய் நாவில் உருண்டதில் நம் காதுக்கு அவ்வளவாகப் பிடிபடாது.

இது எனக்கு முன்பே தெரியும், அம்மாவிடம் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஊஞ்சலுக்கு எதிரே மாநகராட்சித் திடலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். நம்பவில்லை. தேவஸ்தானுக்குப் போனோம், சன்னதி பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனபோது திறந்திருந்தது. அங்கிருந்த பெரியவரிடம் விழா எப்போது என்று கைஜாடையில் கேட்டேன். "ஜனவரி" என்றார். அம்மா அவரைப் பார்த்து பாவைப் பாடல்களின் முதல் பாட்டை மெல்லிய குரலில் முழுதாகப் பாடினார். அவர் கைகூப்பியபடி கேட்டார். பாட்டு புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கோலப் புலம்பல் நின்றது.

சாப்பாட்டுக்கு இரண்டு விஷயம் போதும். மஞ்சள் பின்னணியில் சிவப்பாக ஓர் எழுத்து போட்டிருக்கும் கடை 'ஜே' கடை. அங்கே மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் கிடையாது. மற்ற கடைகளில் "மை சை நாம் ப்லா", அதாவது மீன் சாறு விடாதே என்று சொல்லுங்கள். சொன்னாலும் நூற்றுக்கு நூறு நம்பாதீர்கள். பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ரசம் சாதத்துக்கு ஏங்கினால் சீலோம் பக்கம் போங்கள். தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கேதான், கூட்டத்தில் முக்கால்வாசி தாய்லாந்துக்காரர்கள்.

சீலோமிலிருந்து லும்பினி பூங்கா பக்கம். காலையில் ஏழரைக்குப் போய் ஏரிக்கரையில் உட்காருங்கள். முதலைக்குட்டி அளவு உடும்புகள் பெஞ்சுக்கு அடியில் நிதானமாக நடந்துபோகும், ஒன்றும் செய்யாது. எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடுகிறவர்கள்கூட அப்படியே நிற்பார்கள், நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

மிதக்கும் சந்தை, பழைய தலைநகரான அயுத்தயா இரண்டுக்கும் நாங்கள் போகவில்லை. முன்னதுக்கு வருத்தமில்லை. அயுத்தயாவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்கிறார்கள், எட்டாவது நாள் இருந்திருந்தால் போயிருப்போம்.

மறந்துவிடப் போகிறேன்: பம்ருங் முவாங்கில் புத்தர் சிலை வாங்கினால் நாட்டை விட்டு எடுத்துவர நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும், கடைக்காரரிடமே கேளுங்கள். அம்மா கையளவு பித்தளைப் பிள்ளையார் ஒன்றைப் பேரம் பேசி 350 பாட்டுக்கு வாங்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பழைய நூல்புடவையில் சுற்றி வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.