எச்.ஐ.வி.யோடு முதுமை, கூடவே மறதி: லத்தீனோ நோயாளிகள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் சான் டியேகோவில் நினைவாற்றல், கவனம் போன்றவற்றைச் சோதிக்கும் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிற, ஐம்பது தாண்டிய, எச்.ஐ.வி. உள்ள லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். இதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (வீட்டுப் பராமரிப்பு நர்ஸ், மயாமி): நான் பார்த்துக்கொள்ளும் கியூபா நாட்டுப் பெரியவருக்கு 66 வயது. பல வருடமாக ரத்தத்தில் வைரஸே தெரியவில்லை. ஆனாலும் அடுப்பை அணைக்க மறக்கிறார், மாத்திரைப் பெட்டியில் செவ்வாயையும் புதனையும் குழப்பிக்கொள்கிறார். வைரஸ் மூளையைத் தின்கிறதா?

பதில்: தின்கிறது என்பது பெரிய வார்த்தை. தொற்று வந்த சில வாரங்களிலேயே வெள்ளை அணுக்களோடு வைரஸ் மூளைக்குள் போய்விடும். நரம்பு செல்களை அது நேரடியாகப் பிடிப்பதில்லை. அங்கே காவல் காக்கும் செல்களில் தங்குகிறது. மாத்திரையால் ரத்தம் சுத்தமாக இருந்தாலும், உள்ளே லேசான அழற்சி தொடரும். 1996-இல் கூட்டு மருந்துகள் வருவதற்கு முன்பே தொற்று வந்தவர் என்றால், அந்தக் காலத்தில் அவருடைய சிடி4 (நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை) எவ்வளவு கீழே போனது என்று பழைய கோப்பில் பாருங்கள். இன்றைய எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

பயமும் வேண்டாம். சார்ட்டர் என்ற அமெரிக்க ஆய்வு 2010-இல் எச்.ஐ.வி. உள்ள 1,555 பேரின் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோதனையில் மதிப்பெண் குறைவு. ஆனால் டிமென்ஷியா (அன்றாட வாழ்க்கையே முடங்கும் மறதி நோய்) என்று சொல்லும் அளவுக்குப் போனவர்கள் சுமார் 2 சதவீதம்தான்.

சரி, நாளைக்கே செய்ய வேண்டியது: அவர் படுக்கைப் பக்கத்து மேஜையைப் பாருங்கள். தூக்கம் வரவில்லை என்று கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரை இருக்கிறதா? அட்டையில் டைஃபென்ஹைட்ரமின் என்று போட்டிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கொண்டுவரும் மருந்து அது. அப்புறம் பி12, தைராய்டு, சிபிலிஸ் ரத்தப் பரிசோதனைகள், காது கேட்கிறதா, குறட்டையோடு மூச்சு நிற்கிறதா, மனச்சோர்வு உண்டா. இதெல்லாம் பார்த்து முடித்த பிறகு வைரஸ் மேல் பழி போடலாம்.

கேள்வி (உளவியல் மாணவர்): எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) மக்களுக்கு மூளைத்திறன் குறைவு அதிகம் என்று படித்தேன். மரபணுவா?

பதில்: மரபணுவுக்குப் போகும் முன் அளவுகோலைப் பாருங்கள், தம்பி. மெக்சிகோவின் வஹாக்காவில் ஆறாம் வகுப்போடு வயலுக்குப் போன ஒருவரை, கல்லூரி முடித்த ஆங்கிலம் பேசும் அமெரிக்கரின் சராசரியோடு ஒப்பிட்டால் அவர் தோற்கத்தான் செய்வார். எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ஏழைத் தவிர எல்லாம் ஓரசைச் சொற்கள். ஸ்பானிஷில் குவாத்ரோ, சிங்கோ, சியேத்தே, ஓச்சோ, நுவேவே என்று பெரும்பாலும் ஈரசை. சொல்ல நேரம் கூடுதல், அதனால் நினைவில் நிற்கும் எண்ணிக்கையும் சற்றுக் குறைவு. மூளை அப்படியேதான் இருக்கிறது.

இதற்காகத்தான் சான் டியேகோவிலும் அரிசோனாவின் டூசானிலும் ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஆரோக்கியமான 254 பேரைச் சோதித்து, அமெரிக்க-மெக்சிகோ எல்லைப் பகுதிக்கென்றே ஒப்பிட்டுப் பார்க்கத் தனி அளவுகள் தயாரித்தார்கள், 2021-இல் வெளிவந்தன. பள்ளிக்கே போகாதவர்களும் அதில் உண்டு. ஆனால் அவர்கள் வயது 19 முதல் 60 வரை. என் அறைக்கு வருகிறவர்களோ 67, 72. இந்த இடைவெளி எனக்குத் தினசரித் தலைவலி.

இன்னொன்று, 'ஹிஸ்பானிக்' என்பது ஒரே கூட்டம் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினருக்கு மெக்சிகோ வம்சாவளியினரைவிடக் குறைபாடு அதிகம் இருந்தது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் யாரைப் பற்றியும் எதுவும் தெரியாது.

அளவுகோலைச் சரிசெய்தால் எல்லாம் மறைந்துவிடுமா என்றால், இல்லை. தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் தொற்று, சர்க்கரை, ரத்த அழுத்தம், காப்பீடு இல்லாத வருடங்கள் எல்லாம் மூளையில் தடம் விட்டுத்தான் போகும். மதிப்பெண் குறைவு மட்டுமே நோய் ஆகாது என்று 2023-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. என் கருத்தும் அதுதான்.

கேள்வி (மருந்தாளுநர், ஹூஸ்டன்): இவர்களில் பலர் சர்க்கரை மாத்திரையும் எடுக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சேர்த்துக் கொடுக்கும்போது மெட்ஃபார்மின் நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான எச்சரிக்கை. நெடுநாள் மெட்ஃபார்மின் எடுத்தால் பி12 குறையும், அதுவும் மறதி மாதிரியே காட்டும். வயிற்று எரிச்சலுக்கான ஆன்டாசிடையும் டோலுடெக்ராவிரையும் ஒன்றாக விழுங்கக்கூடாது. ஆன்டாசிடுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அல்லது ஆறு மணி நேரம் பின்னால் டோலுடெக்ராவிர். எஃபாவிரென்ஸ் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்தில் இன்னும் யாராவது இருந்து, கெட்ட கனவு, தலை கிறுகிறுப்பு என்றால், மாற்றச் சொல்லி டாக்டருக்கு எழுதுங்கள்.

கேள்வி (லாஸ் ஏஞ்சலிஸ்): என் கணவர் மெக்சிகன். மாமியாருக்கு 70 வயது. அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். டாக்டரிடம் மொழிபெயர்க்க நாத்தனார் போகிறாள், அவளுக்கு விஷயம் தெரியாது. மறதி பற்றி எப்படிப் பேசுவது?

பதில்: நாத்தனாரை அந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள், அம்மா. மத்திய அரசுப் பணம் பெறும் மருத்துவமனை இலவச மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும், அது சட்டம். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மாமியார் பாதியை விழுங்கிவிடுவார். டாக்டர் மாத்திரைகளைப் பேர் சொல்லிக் கேட்டால் ரகசியமும் போச்சு.

அந்தத் தலைமுறையில் டாக்டருக்கு மரியாதை ஜாஸ்தி. எப்படி இருக்கிறீர்கள் என்றால் 'பியென், டாக்டர்' (நன்றாக இருக்கிறேன், டாக்டர்) என்று முடித்துவிடுவார்கள். அதனால் நீங்கள் பார்த்ததைத் தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள். போன கிறிஸ்துமஸுக்குத் தமாலே (மக்காச்சோள மாவுப் பலகாரம்) செய்தாரா? மாவு பிசைவது, இலையில் வைத்து மடிப்பது, வேகவைப்பது என்ற வரிசையில் எங்கே தடுமாறினார்? பேருந்து மாறிப் போகத் தெரிகிறதா? நான் முதலில் கேட்பது இந்த மாதிரி விவரங்களைத்தான். சோதனை ஸ்பானிஷில் நடக்கட்டும்.

கேள்வி: இது அல்சைமர் இல்லை என்று எப்படித் தெரியும்?

பதில்: ஒரே சோதனையில் தெரியாது. பொதுவாக எச்.ஐ.வி.யில் வேகம் குறையும், கவனம் சிதறும், திட்டமிடத் திணறுவார்கள். சொற்பட்டியலை மறந்தவரிடம் 'அதில் ஒரு பழம் இருந்ததே' என்று குறிப்புக் கொடுத்தால் பலருக்கு ஞாபகம் வந்துவிடும். அல்சைமரில் குறிப்பும் பெரும்பாலும் உதவாது. 70 தாண்டினால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

கேள்வி: ஞாபகத்துக்கு மாத்திரை உண்டா?

பதில்: எச்.ஐ.வி. சார்ந்த மறதிக்கென்று அங்கீகரிக்கப்பட்டது எதுவும் இல்லை. ரத்தக் குழாயைக் காப்பாற்றலாம். 2023-இல் வெளிவந்த ரிப்ரீவ் ஆய்வில் 7,769 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் பிடாவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 சதவீதம் குறைத்தது. அதனால் மறதி குறையும் என்று நான் சொல்லவில்லை. பக்கவாதத்தைத் தவிர்ப்பதே பெரிய லாபம்.

தினசரி மாத்திரையையே மறக்கிறவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, கபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்ற இரண்டு எச்.ஐ.வி. மருந்துகள் சேர்ந்தது. தேதி தவறாமல் கிளினிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். மாற்றும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இந்த ஊசி அதைக் கட்டுப்படுத்தாது.