பாட்டை யார் வழியாக ஏற்றுவது? மலையிலிருந்து சில கேள்விகள்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை நடத்துகிறேன். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்றவற்றுக்குப் பாட்டு போக வேண்டுமென்றால் தனிக் கலைஞருக்கு நடுவில் ஒரு விநியோகச் சேவை தேவை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

குன்னூர்: அண்ணா, டிஸ்ட்ரோகிட், சிடி பேபி, ரூட்நோட் மூன்றில் எது நல்லது?

வருஷத்துக்கு எத்தனை பாட்டு போடுவீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மாதம் ஒன்று என்றால் டிஸ்ட்ரோகிட் மாதிரி ஆண்டுச் சந்தா கட்டுப்படியாகும். எத்தனை ஏற்றினாலும் அதே சந்தாதான், ஸ்ட்ரீமிங் வருமானத்தில் பங்கும் கேட்பதில்லை. ஆனால் சந்தாவை நிறுத்தினால் அவர்கள் பாட்டைத் தளங்களிலிருந்து இறக்கிவிடக்கூடும். அப்படி இறங்காமலிருக்க ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு வருஷம் ஒரு பாட்டு என்றால் சிடி பேபி வழி சரி. வெளியீட்டுக்கு ஒரே தடவை கட்டணம், பிறகு வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ரூட்நோட்டில் காசு கட்டாமல் ஏற்றலாம், 15 சதவீதம் அவர்களுக்கு. பாட்டு ஓடுமா என்றே தெரியாத நிலையில் இது மோசமில்லை. சேரும்போது கட்டும் காசை எல்லோரும் பார்க்கிறார்கள். விட்டுப் போகும்போது பாட்டு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

எதில் சேர்ந்தாலும் ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்து வையுங்கள். 12 இடம் கொண்ட அந்தக் குறியீடுதான் உங்கள் பதிவின் அடையாளம்.

கூடலூர்: ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கேட்ட எண்ணிக்கை பூஜ்ஜியமாகிவிடுமா?

ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம். புதிய சேவையில் அதே ஆடியோ கோப்பு, அதே தலைப்பு, அதே எழுத்துக்கூட்டலில் பெயர், அதே ஐஎஸ்ஆர்சி எண் கொடுத்து ஏற்றுங்கள். இரண்டும் கடையில், அதாவது ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களில் தெரிந்து, எண்ணிக்கை ஒன்றாகச் சேர்ந்த பிறகு பழையதை இறக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு முதலில் பழையதை இறக்கிவிட்டு வந்து அழுபவர்கள்தான் அதிகம். குறித்து வைத்தீர்களா அந்த எண்ணை?

கொடைக்கானல்: கிட்டார் இசை மட்டும் போடுகிறேன். ஆறு மாதமாக ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரு பைசா வரவில்லை. சேவை ஏமாற்றுகிறதா?

சேவையைத் திட்டுவதற்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பணம். 30 வினாடிக்குள் தாண்டிப் போனால் அது கணக்கிலேயே வராது. "ஆயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் ஸ்ட்ரீம்" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். போலிக் கேட்பு பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை விநியோகச் சேவைக்கு அபராதம் போடும். அந்தச் சேவை உங்கள் தலையில் கட்டும், பாட்டையும் தூக்கும்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்): நாங்கள் பாடியது படுகு பாட்டு. படிவத்தில் மொழி என்ற இடத்தில் படுகு இல்லை. என்ன போடுவது?

ஊட்டி: இதில் என்ன யோசனை? கன்னடம் என்று போடுங்கள், கிட்டத்தட்ட அதுதானே.

ஹட்டி: அதை எங்கள் பாட்டி முன்னால் வந்து சொல்லுங்கள் சார்.

குன்னூர்: தமிழ் என்று போட்டால் தமிழ் பிளேலிஸ்டில் வரும் வாய்ப்பாவது இருக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். மொழி ஆராய்ச்சிச் சண்டையை மலைக்குக் கீழே வைத்துக்கொள்வோம். உலக மொழிக் குறியீட்டுப் பட்டியலில் படுகுக்கு பிஎஃப்க்யூ என்று தனிக் குறியீடே இருக்கிறது. ஆகவே இல்லாத மொழியைக் கேட்கிறோம் என்ற கூச்சம் வேண்டாம். சேவையின் உதவிப் பிரிவுக்கு அந்தக் குறியீட்டோடு எழுதிக் கேளுங்கள்.

படிவத்தில் பல சேவைகள் இரண்டு மொழி கேட்கும். ஒன்று தலைப்பு எழுதிய மொழி, இன்னொன்று பாடிய மொழி. தலைப்பைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருந்தால் முதலாவதில் தமிழ் என்று போடுவதில் தப்பில்லை. இரண்டாவதில்தான் சிக்கல். ஊட்டிக்காரர் சொன்னபடி கன்னடம் போட்டால், கன்னட சினிமாப் பாட்டு கேட்பவர் காதில் போய் விழும். அவர் பத்து வினாடியில் தாண்டிவிடுவார். தமிழ் பிளேலிஸ்ட் ஆசைக்கும் அதே கதிதான்.

ஊட்டி: அப்படியானால் படுகு பாட்டு யாருக்கும் போய்ச் சேராது என்கிறீர்களா?

இல்லை. தலைப்பிலும் கலைஞர் பக்கத்தின் அறிமுகத்திலும் படுகு தெரியட்டும். தேடி வருபவர்கள் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், அவர்கள் கடைசிவரை கேட்பார்கள். இதற்கு மேல் இந்த விவாதம் வேண்டாம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. மரபுப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் பதிவுதான் உங்களுடையது. இசையமைப்பாளர் இடத்தில் சொந்தப் பெயரைப் போடாதீர்கள், மரபு என்று போடுங்கள். இலவச லூப் (யாரும் எடுத்துப் போடக்கூடிய ஆயத்த இசைத் துண்டு) வைத்துச் செய்த பாட்டை, ஒரே ஒலி உள்ள வீடியோக்களைத் தேடிப் பிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்க்கவும் வேண்டாம். அதே லூப்பைப் பயன்படுத்திய பக்கத்து ஹட்டிப் பையனின் வீடியோமேல் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போய் நிற்கும். பண்டிகையில் நேருக்கு நேர் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

பழனி மலை அடிவாரம்: அமெரிக்க வரிப் படிவம் கேட்கிறார்களே?

டபிள்யூ-8 பென் படிவம். பான் எண்ணைக் கொடுத்து நிரப்புங்கள். விட்டால் அமெரிக்காவில் வரும் வருமானத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள். இந்தியாவுடன் உள்ள ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15.

கூடலூர்: சினிமா பாட்டை நாங்களே பாடி கவர் போடலாமா?

உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் அனுமதி எழுத்தில் இருந்தால் போடலாம். யூடியூபில் இறக்கிய கரோக்கி டிராக் வேறொருவருடைய பதிவு, அதைத் தொடவே வேண்டாம்.

குன்னூர் (இன்னொருவர்): எது பெஸ்ட் அண்ணா?

மேலே படியுங்கள் தம்பி.

ஊட்டி: ஐஎஸ்ஆர்சி எங்கே கிடைக்கும்?

சேவையே கொடுக்கும். குறித்து வையுங்கள், குறித்து வையுங்கள், குறித்து வையுங்கள்.

ஹட்டி: அடுத்த வாரம் பண்டிகை. இன்றைக்கு ஏற்றினால் வந்துவிடுமா?

கடைகளில் வரலாம், உறுதி கிடையாது. ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் கோப்பு அங்கே போயிருக்க வேண்டும், அந்த வாய்ப்பு போய்விட்டது. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக ஏற்றுங்கள். அப்புறம் நீங்கள் அனுப்பிய மாதிரியைக் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் தகரக் கூரைமேல் மழை பெய்கிறது, குரல் நிற்கும் இடத்திலெல்லாம் சடசடவென்று கேட்கிறது. அந்தச் சரணத்தை மட்டும் நாளைக் காலை என் அறைக்கு வந்து பாடிவிட்டுப் போங்கள், சாயங்காலத்துக்குள் ஏற்றிவிடலாம்.